பந்தோடு வருபவர்கள்

விளையாட்டு வழியான மறைப்பணி பற்றிக் கொண்டச்சியிலிருந்து ஒரு சிந்தனை

வெயில் தணிந்து கடற்காற்று உள்ளே வரத் தொடங்கும் நேரத்தில் சிலாவத்துறையிலிருந்து கொண்டச்சிப் பக்கமாக வருபவர்கள், வீதியோரத்து வெளியொன்றில் இளைஞர் கூட்டமொன்றைக் காண்பார்கள். இரண்டு மரக்கப்புகள் நாட்டப்பட்டிருக்கும். அவற்றுக்கிடையே கட்டப்பட்டிருப்பது கடையில் வாங்கிய வலையன்று. பழைய மீன்வலையொன்றில் அறுத்தெடுத்து முடிச்சுப் போட்ட துண்டு. எல்லைக் கோடுகள் அடுப்புச் சாம்பலால் போடப்பட்டவை. காலையில் வயலுக்கு மருந்தடித்தவனும், அன்று கடலுக்குப் போகாமல் நின்றவனும், மேசன் வேலை முடிந்து வந்தவனும் ஒரே பக்கத்தில் நின்று ஆடுவார்கள். மாலைத் தொழுகைக்கான பாங்கொலி கேட்டதும் சிலர் கைகால் கழுவப் போவார்கள். ஆட்டம் அத்தோடு நின்றுவிடும். மற்றவர்கள் வலையை அவிழ்த்துச் சுருட்டி வைப்பார்கள். இதற்கென்று எவரும் சட்டம் எழுதி வைக்கவில்லை. வழக்கமாக நடந்து வருகிறது.

கடந்த அறுவடை முடிந்த கையோடு எமக்கு ஒரு கடிதம் வந்தது. கடல் கடந்த நாடொன்றின் கிறிஸ்தவ இளைஞர் குழுவொன்று பத்து நாட்கள் இப்பகுதியில் தங்கி விளையாட்டுப் பயிற்சி முகாம் நடத்த விரும்புகிறது. பந்துகள், வலைகள், சீருடைகள், சப்பாத்துகள் யாவும் அவர்களே தருவார்கள். மைதானத்தைச் சமப்படுத்தவும் ஒரு தொகைப் பணம் தருவார்கள். ஒவ்வொரு நாளும் ஆட்டத்தின் இடைவேளையில் அவர்களுள் ஒருவர் தமது விசுவாச வாழ்வு பற்றிச் சாட்சியம் கூறுவார். நாம் செய்ய வேண்டியது ஒன்றே: பிள்ளைகளைத் திரட்டிக் கொடுக்க வேண்டும்.

எமது இளைஞர்கள் இதைக் கேட்டதும் மகிழ்ந்தார்கள். “சுவாமி, உடனே ஓம் என்று எழுதுங்கள்” என்றார் ஒருவர். அவர் ஆசையில் தவறில்லை. மாரியில் அந்த வெளியில் தண்ணீர் நிற்கிறது. கோடையில் முள்ளுக் குத்துகிறது. பெண்பிள்ளைகள் ஆட ஓர் இடமே இல்லை. அடுத்த நாள் அதே வெளியில் ஆடும் பிள்ளையொருவரின் தந்தை, ஓர் இஸ்லாமிய விவசாயி, எம்மிடம் வந்தார். “பிள்ளைகள் விளையாடட்டும் பாதர். ஆனால் பந்துக்குப் பின்னால் என்ன வருகிறது என்பதை எங்களுக்கு முதலே சொல்லிப்போடுங்கள்” என்றார்.

இந்த இருவருக்கும் நாம் கொடுக்க வேண்டிய பதிலே இக்கட்டுரை. விளையாட்டின் வழியாகக் கடல் கடந்து விசுவாசத்தைப் பகிரலாமா? பகிரலாம் எனில் எப்படி?

வலை எங்கிருந்து வந்தது?

முதலில் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். கொண்டச்சி வெளியில் நாளாந்தம் ஆடப்படும் கரப்பந்தாட்டமே மறைப்பணியின் வழியாக எமக்கு வந்து சேர்ந்ததுதான்.

அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்னும் நகரில் வை.எம்.சி.ஏ. எனப்படும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரி இருந்தது. இறையியல் கற்றவரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசெம்பரில் அங்கு இரண்டு பழக்கூடைகளைத் தொங்கவிட்டுக் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1895 இல், ஹோலியோக் நகரின் வை.எம்.சி.ஏ. யில் பணியாற்றிய வில்லியம் மோர்கன், வயது சென்ற ஆண்களும் களைப்பின்றி ஆடக்கூடியதாக வலைக்கு மேலால் பந்தைத் தட்டும் ஓர் ஆட்டத்தை அமைத்தார். அதுவே கரப்பந்தாட்டம். அது கொழும்பு வை.எம்.சி.ஏ. வழியாக 1916 இல் இலங்கைக்கு வந்தது. 1991 இல் இந்நாட்டின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது.

தமிழகத்திலும் இவ்வாறே நடந்தது. ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹரி குரோவ் பக் என்ற அமெரிக்கர் 1920 இல் சென்னையில் வை.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணிக்கு அவரே முகாமையாளர். 1943 இல் இந்திய மண்ணிலேயே இறந்தார். தமிழ்ப் பாடசாலைகளின் விளையாட்டு ஆசிரியர்கள் பலர் அவருடைய கல்லூரியின் வழிவந்தவர்கள்.

இவர்கள் கொண்டுவந்த ஆட்டங்களை இன்று இந்துவும் பௌத்தரும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் ஆடுகிறார்கள். வலைக்கு முன் நிற்கும் எவரும் தமது மதத்தைச் சொல்லிவிட்டு ஆட வேண்டியதில்லை. கொடுத்தவர்கள் விசுவாசத்தினால் தூண்டப்பட்டுக் கொடுத்தார்கள். பெற்றவர்கள் அதற்கு விலை கொடுக்காமல் பெற்றார்கள். ஆட்டம் ஊருக்குச் சொந்தமாயிற்று. இதை நாம் நன்றியோடு நினைக்கலாம்.

வற்புறுத்தி உதைபட்ட பந்து

இன்னொரு கதையும் உண்டு. 1890 இல் டின்டேல் பிஸ்கோ என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் காஷ்மீரில் ஸ்ரீநகர் மிஷன் பாடசாலைக்கு வந்தார். அங்கு கற்றவர்களுள் பெரும்பாலானோர் பிராமண இளைஞர்கள். 1891 இல் அவர் ஓர் உதைபந்தைக் கொண்டுவந்து காட்டினார். அது தோலால் ஆனது என அறிந்ததும் மாணவர்கள் தீட்டு எனக் கூறித் தொட மறுத்தார்கள். அவர் விடவில்லை; ஆசிரியர்களைச் சுற்றிலும் நிறுத்தி ஆடச் செய்தார். பந்து ஒரு மாணவனின் முகத்தில் பட்டது. அவன் அழுதான். அவனைக் கொண்டுபோய்க் கழுவச் செய்து, மறுபடி ஆட்டம் தொடர்ந்தது.

அவர் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் அங்கேயே வாழ்ந்தார். வெள்ளத்திலும் கொள்ளை நோயிலும் மாணவர்களை மக்கள் சேவைக்கு அழைத்துச் சென்றார். அந்தப் பாடசாலை இன்றும் நடக்கிறது. ஆனால் கிறிஸ்தவம் தழுவியோர் மிகச் சிலரே. அவருடைய நன்மைகளை நாம் மறுக்கவில்லை. எனினும் பந்து முகத்தில் பட்டு அழுத அந்தப் பிள்ளையின் பக்கத்திலும் ஒரு கணம் நின்று பார்க்க வேண்டும். ஆட்சியாளரின் நிறத்தில், ஆசிரியரின் அதிகாரத்தோடு வரும் விளையாட்டை வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வழியிருக்கவில்லை. நிவாரண அட்டையோடு வரிசையில் நின்று பழகிய எமது மக்களுக்கு இது விளங்கும். கொடுப்பவர் பெரியவராயும் பெறுபவர் ஏதுமற்றவராயும் இருக்கும்போது, கொடுப்பவர் ‘விருப்பமானால்’ என்று சொன்னாலும் பெறுபவரின் காதில் அது கட்டளையாகவே விழுகிறது.

புகழை இறக்கி வைத்துப் போனவர்கள்

விளையாட்டு வீரர்களே மறைபரப்பாளராய்ப் போன வரலாறும் உண்டு. சார்ள்ஸ் ஸ்ரட் என்பவர் 1882 இல் இங்கிலாந்துக் கிரிக்கெட் அணியில் ஆடியவர். அவ்வாண்டு அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலில் சென்ற அணி வழியில் கொழும்பில் இறங்கி ஓர் ஆட்டம் ஆடியது. அங்கிருந்து புறப்பட்டுச் சென்ற அக்கப்பல் நடுக்கடலில் வேறொரு கப்பலோடு மோதியும் தப்பியது. அந்த அணியில் ஸ்ரட்டும் இருந்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1885 இல், வேறு அறுவரோடு சீனாவுக்கு மறைபரப்பாளராகப் புறப்பட்டார். தமக்கு வந்த பெருஞ்சொத்தைப் பகிர்ந்து கொடுத்துவிட்டார். பின்னர் உதகமண்டலத்தில் போதகராயிருந்தார். இறுதியில் கொங்கோ நாட்டில் 1931 இல் இறந்தார்.

மற்றவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த எரிக் லிடல். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீற்றர் ஓட்டத்தின் முதற்சுற்று ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் அதில் ஓட மறுத்தார். 400 மீற்றரில் 47.6 செக்கனில் ஓடித் தங்கப்பதக்கம் பெற்றார். அடுத்த ஆண்டே சீனாவுக்குச் சென்று ஆசிரியராகப் பணி செய்தார். பின்னர் நாட்டுப்புற மக்களிடையே, போரின் நடுவே உழைத்தார். 1943 இல் யப்பானியர் அவரை வெய்சியென் என்ற தடுப்பு முகாமில் அடைத்தார்கள். பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் பலர் அம்முகாமில் இருந்தார்கள். லிடல் அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஆட்டங்களை ஒழுங்கு செய்தார். நடுவர் இன்றி ஆடினால் பிள்ளைகள் சண்டையிடுகிறார்கள் என்று கண்டு, ஞாயிற்றுக்கிழமையிலும் அவர்களுடைய ஹொக்கி ஆட்டத்துக்கு நடுவராக நின்றார். ஒலிம்பிக் பதக்கத்துக்காகவும் விட்டுக் கொடுக்காத ஓய்வுநாளை முள்வேலிக்குள் அகப்பட்ட சிறுவர்களுக்காக விட்டுக் கொடுத்தார். 1945 பெப்ரவரி 21 ஆம் நாள், விடுதலைக்குச் சில மாதங்கள் இருக்கையில், மூளைக்கட்டியினால் அங்கேயே இறந்தார். அவருக்கு வயது 43.

முகாம் வாழ்வு என்னவென்று இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. தறப்பாளுக்குக் கீழே பகல் நீளும்போது பிள்ளைகளுக்கு ஒரு மணித்தியால ஆட்டம் எத்தனை பெரிய மருந்து என்பதை நீங்களே கண்டிருக்கிறீர்கள். லிடல் அங்கு வெளியிலிருந்து வந்து போன விருந்தாளி அல்லர்; அதே வேலிக்குள் அதே உணவை உண்டு வாழ்ந்தவர். அதனால்தான் அவர் போதித்ததைவிட அவர் ஊதிய விசில் அப்பிள்ளைகளின் நினைவில் நின்றது எனலாம்.

இடைவேளைப் பிரசங்கம்

குறுகிய காலப் பயணமாக விளையாட்டு அணியை அனுப்பி நற்செய்தி அறிவிக்கும் முறை இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே பரவியது. 1952 இல் அமெரிக்காவின் டெய்லர் பல்கலைக்கழகப் பயிற்றுநர் டொன் ஓடில் ஒரு கூடைப்பந்தாட்ட அணியைத் தாய்வானுக்கு அழைத்துச் சென்றார். ஊர் ஊராக ஆடினார்கள். இடைவேளையில் பாடினார்கள், சாட்சியம் கூறினார்கள். ஆட்டம் பார்க்க வந்த பெருங்கூட்டம் செய்தியையும் கேட்டது. பின்பு பல சபைகள் இதே முறையைப் பின்பற்றின. இன்று கோடை விடுமுறையில் இளைஞர் அணிகள் ஆசியா, ஆபிரிக்கா, தென்னமெரிக்கா எங்கும் செல்கின்றன.

இதில் நன்மை இல்லாமல் இல்லை. வசதியான நாட்டின் இளைஞர்கள் தமது விடுமுறையையும் பணத்தையும் செலவிட்டு ஏழை நாட்டுப் பிள்ளைகளோடு வியர்வை சிந்துகிறார்கள். மொழி தெரியாத இடத்திலும் பந்து பேசுகிறது. திரும்பிப் போனபின் அவர்களிற் சிலருடைய வாழ்வே மாறிவிடுகிறது.

ஆனால் நாம் கண்ட இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் இடம்பெயர்ந்தோர் முகாமொன்றில் நாம் பணி செய்த காலத்தில் இத்தகைய குழுவொன்று வந்தது. பிள்ளைகளுக்கு நிற ரீ சேர்ட் கொடுத்தார்கள். மகிழ்ச்சியாக ஆடினார்கள். கடைசியில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்ல ஒரு செபத்தைத் திருப்பிச் சொல்ல வைத்தார்கள். கையுயர்த்தச் சொன்னார்கள், எண்ணினார்கள், படம் எடுத்தார்கள். அவர்களுள் சைவப் பிள்ளைகளும் இருந்தார்கள். கை உயர்த்திய சிறுமியொருத்தியிடம் பிறகு ஏனென்று கேட்டோம். “கை தூக்கினாத்தான் பந்தை விட்டிட்டுப் போவினமாம்” என்றாள். பந்தை விட்டுத்தான் போனார்கள். ஒரு கிழமையில் அது முள்ளுக்கம்பியில் பட்டு வெடித்தது. அன்று அங்கு நின்ற நாமும் வாய் திறந்து தடுக்கவில்லை. அந்தக் குறையில் எமக்கும் பங்குண்டு.

இவ்வாறான நிகழ்வுகளின் விளைவு சிறிதன்று. ஒரு கத்தோலிக்கத் துறவற சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் பற்றி 2003 இல் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்மானம், மதத்தைப் பரப்புவதையும் பொருளுதவி செய்வதையும் ஒன்றோடொன்று இணைப்பது குறித்துக் கடுமையான கேள்வி எழுப்பியது. 2004 இல் பலவந்த மதமாற்றத்தைத் தடைசெய்யும் சட்டமூலமொன்று கொண்டுவரப்பட்டது. அதன் பல பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என நீதிமன்றம் கூறியதனால் அது சட்டமாகவில்லை. அவ்வாண்டின் இறுதியில் வந்த ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணத்தின் பெயரால் மதம் பரப்பப்படுகிறது என்ற குற்றச்சாட்டு மேலும் வலுத்தது. பத்து நாளில் வந்து போவோர் செய்யும் காரியத்தின் பழியை, இங்கேயே பிறந்து இங்கேயே அடக்கம் செய்யப்படப் போகும் கிறிஸ்தவர்களே சுமக்க வேண்டியிருக்கிறது.

எமது கரையின் நினைவு

கொண்டச்சிக் கரைக்குக் கடல் கடந்து மனிதர் வருவது புதிதன்று. இக்குடா ஒருகாலத்தில் முத்துக் குளிப்பினால் உலகப் புகழ் பெற்றது. குளிப்புக் காலத்தில் வெறும் மணலில் ஒரு நகரமே எழும். தூத்துக்குடிப் பக்கத்துப் பரதவக் கத்தோலிக்கர், கீழக்கரை முஸ்லிம்கள், அராபியர், வணிகர் எனப் பல்லாயிரவர் கூடுவார்கள். சுறாவின் வாயைக் கட்டும் ‘கடற்கட்டி’ மந்திரம் ஓதாமல் எவரும் கடலில் இறங்க மாட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்தப் பரம்பரையின் தலைவர் ஒரு கத்தோலிக்கராயிருந்தார் என்று அக்காலத்து ஆங்கில அதிகாரி எமர்சன் ரெனன்ற் எழுதி வைத்துள்ளார். அவர் எந்தச் சமயத்தவர் என்பது முக்குளிப்போருக்கு ஒரு தடையாயிருக்கவில்லை.

விசுவாசமும் இதே கடலால்தான் வந்தது. புனித சவேரியார் அனுப்பிய குருவிடம் திருமுழுக்குப் பெற்ற மன்னார் மக்கள் ஏறக்குறைய 600 பேர் 1544 இல் யாழ்ப்பாண அரசனின் கட்டளைப்படி கொல்லப்பட்டார்கள். அந்த இரத்தம் எமது திருச்சபையின் வேர். அதே வேளையில், 1560 இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தபோது சிலுவையோடு பீரங்கியும் வந்தது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687 இல், புனித யோசப் வாஸ் அடிகள் கோவாவிலிருந்து வந்தார். அவரிடம் கப்பற்படையும் இல்லை, பணமும் இல்லை. கூலியாளைப் போல் உடுத்து, பிச்சைக்காரரைப் போல் நடந்தார். 1697 இல் கண்டியில் அம்மை நோய் பரவி, நோயாளரை உறவினரே கைவிட்டபோது, மதம் பாராமல் அவர்களைத் தூக்கிப் பராமரித்தார். கோட்டை கட்டியவர்களின் கோட்டை இன்று இடிந்து கிடக்கிறது. வாஸ் அடிகளின் பெயரைச் சொல்லி மக்கள் இன்றும் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறார்கள்.

அண்மைக் காலத்தின் காயங்களும் இம்மண்ணில் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேரை வெளியேற்றியபோது, முசலிப் பகுதி முஸ்லிம்களும் வயலையும் மாட்டையும் விட்டுப் புத்தளம் நோக்கிச் சென்றார்கள். 2007 இல் போர் இக்கரைக்கு வந்தபோது சிலாவத்துறை, அரிப்பு, முள்ளிக்குளம் மக்கள் ஓடினார்கள். முள்ளிக்குளத்து மக்கள் தம் ஊருக்காக 2017 இல் வீதியோரத்தில் பல வாரங்கள் போராட வேண்டியிருந்தது. திரும்பி வந்தவர்கள் காடு மண்டிய காணியில் எல்லைக்கல் தேடினார்கள். இருபது ஆண்டுகள் புத்தளத்தில் வளர்ந்த பிள்ளையும், வன்னியில் அலைந்து வளர்ந்த பிள்ளையும் ஒருவரை ஒருவர் அறியாதவர்களாகவே திரும்பினார்கள். காணி, குளத்துத் தண்ணீர், மேய்ச்சல் தரை என்று எதைப் பேசினாலும் சந்தேகம் எழக்கூடிய நிலையில், அவர்கள் பேரெழுதிக் கொடுக்காமல் ஒன்றாய் நின்ற இடம் அந்தக் கரப்பந்து வெளி. அங்கே ஒரு பிளவு வந்தால் எத்தனை பந்து கொடுத்தாலும் அதை ஈடுசெய்ய முடியாது.

திருச்சபை காட்டும் வழி

திருத்தூதர் பவுல் கொரிந்து நகருக்கு எழுதியபோது ஓட்டப் பந்தயத்தையும் குத்துச்சண்டையையும் எடுத்துக்காட்டினார். அந்நகருக்கு அருகில் பெரும் விளையாட்டு விழா நடப்பது வழக்கம். மக்கள் அறிந்த ஒன்றிலிருந்து அவர் பேசினார். ஆகவே விளையாட்டும் விசுவாசமும் அந்நியமானவை அல்ல.

ஆனால் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசெம்பர் 7 ஆம் நாள் வெளியிட்ட சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கை தெளிவான ஓர் எல்லையைப் போடுகிறது. விசுவாசத்தைப் பரப்பும்போது கட்டாயம் என்றோ தகாத தூண்டுதல் என்றோ தோன்றக்கூடிய எதையும் தவிர்க்க வேண்டும். ஏழைகள், கல்வி வாய்ப்பற்றோர் விடயத்தில் இது மேலும் முக்கியம் என்பது அதன் கருத்து. 2018 இல் விளையாட்டைப் பற்றி வத்திக்கான் தனி ஆவணமே வெளியிட்டது. விளையாட்டு மனிதரை வளர்க்க வேண்டும் என்பதோடு, ஊழல், ஊக்கமருந்து போன்ற கேடுகளையும் அது சுட்டிக்காட்டுகிறது.

செயலிலும் ஓர் உதாரணம் உண்டு. 2013 இல் உரோமையில் வத்திக்கான் கிரிக்கெட் அணி அமைக்கப்பட்டது. அதில் ஆடியவர்களுள் இந்தியா, பாகிஸ்தான், இலங்கையைச் சேர்ந்த குருமாணவர்கள் பலர். 2014 செப்ரெம்பரில் அவர்கள் இங்கிலாந்துக்குப் பயணம் செய்து கன்ரபரியில் ஆங்கிலிக்கன் அணியோடு ஆடினார்கள். மனிதக் கடத்தலுக்கு எதிரான பணிக்கு நிதி சேர்க்கும் ஆட்டம் அது. வத்திக்கான் அணி தோற்றது. நூற்றாண்டுகளாய்ப் பிரிந்த இரு சபையினர் ஒரே பந்தியில் உண்டார்கள். 2015 இல் இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதி முஸ்லிம் கிரிக்கெட் கழகமொன்று உரோமைக்குச் சென்று அதே அணியோடு ஆடியது. எவரும் எவரையும் மதம் மாற்றவில்லை. ஆனால் ஒரு குருமாணவன் எதற்காகத் தன் வாழ்வைக் கொடுக்கிறான் என்பதை எதிரணியில் ஆடியவர் அருகிலிருந்து கண்டார். விசுவாசத்தைப் பகிர்வது என்றால் அதுவும்தான்.

தொன் பொஸ்கோ 1841 இல் தூரின் நகரத்து ஏழைச் சிறுவர்களுக்கிடையே தொடங்கிய பணியும் இதையே காட்டுகிறது. விளையாட்டுத் திடலின்றி அவருடைய இல்லம் இல்லை. ஆனால் அந்தத் திடல் பத்து நாளில் மூடப்படவில்லை. நாளைக்கும் திறந்திருக்கும் என்று சிறுவர்கள் அறிந்திருந்தார்கள்.

நாம் எழுதிய பதில்

இவற்றையெல்லாம் இளைஞரோடும் பெற்றோரோடும் பள்ளிவாசல் நிர்வாகத்தினரோடும் இருந்து பேசினோம். ஒரு தாய், “பந்தடிக்கட்டும் சுவாமி, ஆனா அருவிவெட்டு நேரத்தில கூப்பிடாதீங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் அதையும் எழுதிக்கொண்டோம். இறுதியில் அக்குழுவுக்கு, வாருங்கள் என்றே பதில் எழுதினோம். அதோடு சில விடயங்களைத் தெளிவுபடுத்தினோம்.

முதலாவதாக, மைதானத்துக்கு வரும் பிள்ளையிடம் மதம் கேட்கவோ பதியவோ கூடாது. பந்தும் சீருடையும் எதற்கும் கைம்மாறாகக் கொடுக்கப்படலாகாது.

இரண்டாவதாக, விளையாட்டு விளையாட்டாகவே நடக்க வேண்டும். இடைவேளைப் பிரசங்கம் வேண்டாம். உங்கள் விசுவாசத்தைக் கேட்க விரும்புவோர் ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஆலய வளவில் கேட்கலாம். சிறுவராயின் பெற்றோர் அறிய வேண்டும். மைதானத்தில் எவராவது தாமாக வந்து ‘நீங்கள் ஏன் வந்தீர்கள்?’ என்று கேட்டால், மறைக்காமல் உண்மையைச் சொல்லுங்கள். நாம் விசுவாசத்தை ஒளிக்கச் சொல்லவில்லை; கேள்வி பிறக்கும் வரை பொறுத்திருக்கச் சொல்கிறோம்.

மூன்றாவதாக, விதைப்புக் காலத்திலும் அருவிவெட்டுக் காலத்திலும் றமழான் நோன்பிலும் வர வேண்டாம். இங்கு பருவத்தைத் தீர்மானிப்பது மழையும் அகத்திமுறிப்புக் குளத்துத் தண்ணீரும்தான்.

நான்காவதாக, பத்து நாளும் சிறுவர்களை மட்டும் பயிற்றாதீர்கள். எமது ஊர்களிலிருந்து ஆண்கள் பெண்கள் இரு பாலாரிலும் சிலரைத் தெரிந்து, பயிற்றுநராகவும் நடுவராகவும் பழக்கிவிட்டுப் போங்கள். நீங்கள் போனபின் விசில் எமது கையில் இருக்க வேண்டும்.

ஐந்தாவதாக, பிள்ளைகளின் படத்தைப் பெற்றோர் சம்மதமின்றி எடுக்கவோ வெளியிடவோ கூடாது. பெரியவர் எவரும் பிள்ளையோடு தனித்திருக்கக் கூடாது. நாட்டுச் சட்டப்படி உரிய விசாவோடு வர வேண்டும். மைதானத்துக்குச் செலவாகும் பணத்தின் கணக்கு ஆலயத்திலும் பள்ளிவாசலிலும் ஒட்டப்படும்.

ஆறாவதாக, நீங்கள் எமக்குக் கரப்பந்தாட்டம் கற்பிப்பீர்கள். எமது பிள்ளைகள் உங்களுக்குக் கிளித்தட்டுக் கற்பிப்பார்கள். கற்பிப்பவர் கற்கவும் வேண்டும். எமது வீடுகளில் தங்கி எமது சோற்றை உண்ணுங்கள். எமது கதையைக் கேட்டுவிட்டு உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

இக்கட்டுரை அச்சுக்குப் போகும் வரை பதில் வரவில்லை. வராமலே போகலாம். அப்படியானால் சமப்படுத்தப்பட்ட மைதானம் எமக்குக் கிடைக்காது. அந்த இழப்பை இளைஞர்களிடம் மறைக்காமல் சொன்னோம். சிலருக்கு எம்மீது மனத்தாங்கல், அதுவும் நியாயமே.

நாமே செய்யக்கூடியது

ஆனால் அவர்கள் சும்மா இருக்கவில்லை. கரப்பந்து ஆடுகளம் 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் கொண்டது. கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய ஆறரைப் பேர்ச்சஸ் நிலம். சுற்றிலும் மூன்று மீற்றர் விட்டால் பதினான்கு பேர்ச்சஸ். ஒரு வீட்டு வளவில் சிறு பகுதிதான். ஆண்களுக்கு வலையின் உயரம் 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24 மீற்றர். ஒரே கப்பில் இரண்டு கொளுக்கி அடித்தால் பிள்ளைகள் மாறி மாறி ஆடலாம். மழைத்தண்ணீர் ஓட ஒரு பக்கம் சிறிது சரிவாய் மண் போட வேண்டும். வயலில் வரம்பு கட்டத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலையன்று.

எனவே இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் உறவினர் வளவிலும் பிறர் நிலத்திலும் இருக்கும் வாசகர்களே, இதை உங்களுக்கும் எழுதுகிறோம். காணி உறுதியும் வீடும் வயலும் கிடைக்கும்வரை பிள்ளைகளின் விளையாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளைப் பருவம் காத்திருக்காது. உங்கள் ஊருக்கும் பந்தோடு ஒரு குழு வரலாம். வருபவரை விரட்டாதீர்கள், விலை கேட்டு அறியாமல் ஏற்கவும் வேண்டாம். பக்கத்து வீட்டாரோடும் பக்கத்து மதத்தாரோடும் கலந்து பேசிப் பதில் சொல்லுங்கள். உங்கள் அனுபவம் எதுவாயினும் எமக்கு எழுதி அனுப்புங்கள்.

சென்ற மாதம் எமது இளைஞர்கள் வீட்டுக்கு ஒரு கொத்து நெல் என்று சேர்த்தார்கள். ஆலயப் பக்கத்து வீடுகளிலும் பள்ளிவாசல் பக்கத்து வீடுகளிலும் ஒரே சாக்கோடு போனார்கள். எம்மிடம் வந்து கேள்வி கேட்ட அந்தத் தந்தை இரண்டு கொத்துப் போட்டார். நெல்லை விற்றுப் புதிய பந்தொன்றும் ஒரு நல்ல வலையும் வாங்கினார்கள். மிச்சக் காசு விசிலுக்குப் போயிற்று. இப்போது வாரத்தில் இரண்டு நாட்கள் வலை 2.24 மீற்றரில் கட்டப்படுகிறது.